நிறம் காட்டிய உண்மை

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்து பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார், அதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்தினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிட்டியது.

1923இல் அமெரிக்கா சென்ற அவர், மருத்துவமனையில் எளிய பணி செய்து பிழைத்தபடி ஹார்வர்டில் ஆய்வைத் தொடர்ந்தார். 1925இல் சைரஸ் பிஸ்க்குடன் இணைந்து, குருதியிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். புரதத்தை நீக்கிய சாற்றில் மாலிப்டேட் முதலியவற்றைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். அந்நிறத்தின் அடர்வைச் செறிவு தெரிந்த கரைசலுடன் ஒப்பிட்டு அளவு காண்பர். நிறத்தைக் கொண்டு புரதச் செறிவை அறியும் முறைகளும் இவ்வொப்பீட்டையே நம்பியுள்ளன. உண்மை அளவை நெருங்குவது துல்லியம். எத்தனை முறை அளந்தாலும் விடைகள் தம்முள் ஒத்திருப்பது நுட்பம். இரண்டும் ஒருங்கே வேண்டும்.

தசைச்சாற்றில் மட்டும் நிறம் தாமதமாகவே முழுமை பெற்றது. அதனைப் பிழையென ஒதுக்காது இருவரும் காரணம் தேடினர். அமிலத்தில் மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் பாஸ்போகிரியேட்டின் 1927இல் வெளிப்பட்டது. தசையின் ஆற்றலைப் பற்றிய அறிவு அதனால் புதிய வழி கண்டது.

ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமையால், 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். போலிக் அமிலத்தைத் தொகுத்ததும், யானைக்கால் நோய்க்கு மருந்து கண்டதும் அங்கே அவர் வழிநடத்திய குழுவினரே. 1948இல் அவர் மறைந்தார்; அவர் தந்த அளவீட்டு முறை ஆய்வகங்களில் நிலைத்தது.