பழவேற்காட்டில் வாழ்ந்த ஆபிரகாம் ரொகேரியர்

கோட்டைக்குப்பம் என்னும் பெயரை நம் ஏரிக்கரையார் நாடோறும் வழங்குகின்றனர். ஆயின் பழவேற்காட்டில் கோட்டை எழுந்த காரணத்தை அறிந்தோர் சிலரே. கிறிஸ்து சமயத்தார் தம்முள் பிளவுற்ற வரலாற்றின் ஒரு கூறு அக்கோட்டையோடு பிணைந்துள்ளது. அதனுள் பத்தாண்டு குருவாயிருந்த ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

1517-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லூத்தர் ரோமாபுரிப் பாப்பரசரை எதிர்த்தெழுந்தார். பின்னர் ஜெனீவா நகரத்துக் கால்வின் வகுத்த நெறியை ஒல்லாந்தர் பலர் மேற்கொண்டனர். திருவுருவங்களையும் மாதா வணக்கத்தையும் அவர்கள் விலக்கினர். போர்த்துகேசியரோ பாப்பரசர்க்கு அடங்கிய கத்தோலிக்கர். மேலும், 1580 முதல் 1640 வரை போர்த்துகல்லை ஆண்டவன் ஒல்லாந்தரோடு பொருத ஸ்பெயின் அரசனே. ஆகவே அப்பகை கடல் கடந்து நம் கரைக்கும் வந்தது. 1610-இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் மயிலாப்பூர்ப் போர்த்துகேசியர் அதனைத் தாக்கி அழித்தனர். 1613-இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. வாணிகப் போட்டியே முதற் காரணம் என்பது எம் கருத்து. சமயப் பகை அத்தீயில் நெய் வார்த்தது.

ஒரே தேவனைத் தொழுவோர் இங்ஙனம் பகைத்து நிற்க, மாதாவின் பெயர் தாங்கிய நடூர் மாதா குப்பத்தாரும் கோட்டைக்குப்பத்தாரும் ஒரே ஏரியில் பாடு முறைப்படி வலைவிடுதலை நேயர்கள் ஈண்டு நினைவுகூர்க.

ரொகேரியர் 1632-இல் இவ்வூர்க்கு வந்தார். அக்காலத்தில் இக்கரையில் ஐரோப்பியரோடு பழகினோர் பலர்க்கும் பொதுமொழி போர்த்துகேசியமே. பகைவர் மொழியே ஒல்லாந்தக் குருவுக்கும் துணையாயிற்று! ஒல்லாந்தரை அடைக்கலமாக அடைந்திருந்த பத்மநாபன் என்னும் அந்தணரோடு அவர் அம்மொழியிலேயே உரையாடினார்; அந்தணர்தம் ஒழுக்கம், சடங்கு, வழிபாடு ஆகியவற்றை வினவி வினவி எழுதினார். பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் பத்மநாபன் பொருளுரைக்க ஒல்லாந்த மொழியில் ஏறின. சிருங்கார சதகத்திற்குப் பொருள் கூற அந்தணர் இசைந்திலர்.

ரொகேரியர் தம் சமயமே மெய்யென்று கொண்டவர். நூற்குக் கொடுத்த பெயரிலேயே நம்மவர் சமயத்தைப் புறச்சமயம் என்றார். இக்குறையை மறைத்தல் தகாது. ஆயினும் கேட்டதைப் பொறுமையுடன் கேட்டு, பெரும்பாலும் கேட்டவாறே வரைந்தார். தம் இனக் கிறிஸ்தவரின் வழிபாட்டையே பொறாத காலத்தில், அயற்சமயத்தான் கூற்றுக்கு இத்துணைச் செவி கொடுத்தமை வியத்தற்குரியது.

1642-இல் பழவேற்காட்டை நீங்கிப் பத்தாவியா சென்றார். 1647-இல் தாய்நாடு மீண்டு, 1649-இல் கௌடா நகரில் காலமானார். நூல் அச்சேறியதை அவர் கண்டிலர். மனைவியார் முயற்சியால் 1651-இல் லெய்டன் நகரில் அது வெளிவந்தது. பின்னர் 1663-இல் ஜெர்மானியத்திலும், 1670-இல் பிரெஞ்சிலும் பெயர்க்கப்பட்டது. பத்மநாபனின் பெயரும் அந்நூலுடன் அந்நாடுகளுக்குச் சென்றது.