மூன்றாம் ரிச்சர்டு மன்னனும் மண் சொன்ன சாட்சியமும்

இங்கிலாந்தை ஆண்ட மன்னர்களில் மூன்றாம் ரிச்சர்டைப் போல் அபவாதத்துக்கு ஆளானவன் வேறொருவன் இல்லை. கூனன், சூம்பிய கையன், பாலகர்களைக் கொன்ற பாதகன். ஷேக்ஸ்பியரின் நாடகத்தைக் கலாசாலைகளில் பாடமாகப் படித்தவர்கள் அறிந்த ரிச்சர்டு இவனே. அந்நாடகம் எழுதப்பட்ட காலத்தில் சிம்மாசனத்தில் இருந்தவள் எலிசபெத் ராணி. ரிச்சர்டை வென்று கிரீடத்தைக் கைப்பற்றிய ஏழாம் ஹென்றியின் பேத்தி அவள். வென்றவனுடைய வம்சத்தின் நிழலில் இருந்துகொண்டு தோற்றவனைப் பற்றி எழுதியதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை, அந்நியர் எழுதிய சரித்திரத்தை மனனம் செய்து வளர்ந்த தேசத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரிச்சர்டு 1452-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பாதரிங்கே கோட்டையில் பிறந்தான். யார்க் பிரபுவின் உயிர் தரித்த புதல்வர்களில் இளையவன். எட்டு வயதில் தகப்பனை யுத்தத்தில் இழந்தான். தமையன் நான்காம் எட்வர்டு 1461-ல் அரசனானபின், வடபகுதியின் நிர்வாகம் காலக்கிரமத்தில் ரிச்சர்டின் கைக்கு வந்தது. யார்க் நகரத்தார் அவனிடம் கொண்ட அபிமானம் அவன் இறந்த பின்னும் மாறவில்லை. 1483 ஏப்ரலில் எட்வர்டு காலமானான். பட்டத்துக்குரிய மகனுக்கு வயது 12. சிற்றப்பனாகிய ரிச்சர்டே பாதுகாவலன். சில வாரங்களுக்குள், எட்வர்டின் விவாகம் செல்லாது, அவன் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஜூலை 6-ந் தேதி ரிச்சர்டு முடி சூடினான். லண்டன் கோபுரக் கோட்டையில் இருந்த இரு சிறுவர்களையும் அதற்குப் பின் வெளியுலகம் காணவில்லை.

அவன் கூட்டிய பார்லிமெண்டு ஒன்றே ஒன்று. 1484-ல் கூடிய அச்சபை செய்த காரியங்களை நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் கவனிக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களை ஜாமீனில் விட மாஜிஸ்திரேட்டுகளுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. குற்றம் ருஜுவாகும் முன் அவர்களுடைய சொத்தைப் பறிப்பது தடுக்கப்பட்டது. அரசன் குடிகளிடம் நன்கொடை என்ற பெயரால் கட்டாயப் பணம் வாங்கும் வழக்கமும் ஒழிக்கப்பட்டது. சட்டங்கள் ஜனங்களின் பாஷையான இங்கிலீஷிலேயே பிரசுரமாயின. கொடுங்கோலன் என்று பெயர் வாங்கியவனின் ஆட்சியில் நடந்தவை இவை.

அந்த வருஷமே அவனுடைய ஒரே பட்டத்துப் பிள்ளை இறந்தான். மறு வருஷம் மார்ச்சில் மனைவியும் போய்விட்டாள். 1485 ஆகஸ்டு 22-ந் தேதி பாஸ்வொர்த் யுத்தகளத்தில், ஹென்றியை நேரே தாக்கப் பாய்ந்தவன் அங்கேயே வெட்டுண்டு மாய்ந்தான். வயது 32. வென்ற ஹென்றி செய்த முதற் காரியங்களில் ஒன்று, தன் ஆட்சி யுத்தத்துக்கு முந்திய நாளே தொடங்கியதாகக் கணக்கிட்டுக்கொண்டது. முடிசூடிய அரசனுக்காகப் போரிட்டவர்கள் இந்தத் தந்திரத்தால் ராஜத்துரோகிகளாயினர்! ரிச்சர்டின் உடலை நிர்வாணமாகக் குதிரைமீது போட்டு லெஸ்டர் நகருக்குக் கொண்டு வந்து, ஜனங்கள் காண வைத்து, பிரான்சிஸ்கன் துறவிகளின் கோயிலில் புதைத்தார்கள். 1538-ல் அம்மடம் கலைக்கப்பட்டது. எலும்புகளை ஸோர் நதியில் எறிந்துவிட்டார்கள் என்ற கதை கிளம்பி நிலைத்துவிட்டது.

கதையை நம்பாதவர்களும் இருந்தார்கள். பிலிப்பா லாங்லி என்ற பெண்மணியின் விடாமுயற்சியால், லெஸ்டர் சர்வகலாசாலையின் புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் 2012 ஆகஸ்டு 25-ந் தேதி, நகரசபையின் மோட்டார் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் தோண்டத் தொடங்கினார்கள். முதல் நாளே கால் எலும்புகள் தென்பட்டன. அவசரத்தில் வெட்டிய குழி. உடலுக்கு நீளம் போதாமல் தலை ஒரு பக்கமாக நிமிர்ந்திருந்தது. சவப்பெட்டியின் அடையாளம் எதுவும் இல்லை.

முதுகெலும்பு பக்கவாட்டில் வெகுவாக வளைந்திருந்தது. பிறவிக் கோளாறன்று, பத்து வயதுக்குப் பின் வந்தது. வலது தோள் இடது தோளைவிட உயர்ந்திருக்கும், கூன் இல்லை. இரு கைகளும் செம்மையாகவே இருந்தன. சூம்பிய கை கட்டுக்கதை. தலையில் ஒன்பதும் உடலில் இரண்டுமாகப் பதினொரு காயங்கள். மண்டையின் அடிப்புறத்தில் பட்ட இரண்டில் ஒன்றே உயிரைப் போக்கியிருக்க வேண்டும். கைகளில் தடுத்த காயம் எதுவும் இல்லாததால் உடலில் கவசம் இருந்தது, தலைக்கவசம் மட்டும் போயிருந்தது என்று ஊகிக்கிறார்கள். இடுப்பெலும்பில் கண்ட காயம், கவசம் களைந்தபின் பிணத்துக்கு இழைத்த அவமானம்.

எலும்பிலுள்ள கரியின் கதிரியக்கத்தை அளந்தபோது, முதலில் காலம் சற்று முந்தியதாகத் தோன்றிற்று. கடல் மீன் மிகுதியாக உண்டவர்களின் எலும்பு அப்படித்தான் காட்டும். அதைக் கழித்ததும் 1455-க்கும் 1540-க்கும் இடைப்பட்ட காலம் என்று கிடைத்தது. பிறகு டி.என்.ஏ. பரிசோதனை. தாய் வழியாகவே இறங்கும் ஒரு பகுதி அதில் உண்டு. ரிச்சர்டின் சகோதரி ஆன் வழியில், பெண்கள் மூலமாகவே பல தலைமுறை தாண்டி வந்த இருவரைத் தேடிப் பிடித்தார்கள். ஒருவர் கனடாவில் பிறந்து லண்டனில் மரச்சாமான்கள் செய்யும் தச்சர். டூரி கிங் அம்மையாரின் சோதனையில் இருவருடையதும் எலும்புகளோடு இணங்கிற்று. தந்தை வழி மட்டும் இணங்கவில்லை! ஆவணத்தில் உள்ள பரம்பரையில் எங்கோ ஒரு தலைமுறையில் தகப்பன் வேறு. முறை தவறிய பிறப்பு என்று சொல்லிச் சிறுவர்களின் கிரீடத்தைப் பறித்த குலத்துக்கு இது சற்றே சங்கடமான செய்திதான்.

எலும்புகளை யார்க்கில் அடக்கம் செய்வதா, லெஸ்டரிலா என்று வழக்கு நடந்தது. 2014-ல் லண்டன் ஹைகோர்ட்டு வழக்கைத் தள்ளிற்று. 2015 மார்ச்சு 26-ந் தேதி லெஸ்டர் தேவாலயத்தில் மன்னனை அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியைச் செய்தவர் அந்தத் தச்சரே.

இனி மிஞ்சுவது பெரிய குற்றச்சாட்டு. ரிச்சர்டின் முதுகு நேரானதா, வளைந்ததா என்பதை எலும்பு சொல்லும். அவன் மனத்தைச் சொல்லாது. அபிமானிகள் சிலர், கை சூம்பவில்லை என்று தெரிந்ததுமே கொலைக் குற்றத்திலிருந்தும் அவனை விடுதலை செய்துவிட்டார்கள். இது நியாயமன்று. சிறுவர்கள் அவன் காவலில் இருந்தார்கள், காணாமற் போனார்கள், அவர்கள் உயிரோடிருப்பதாகக் காட்டி வதந்தியை அடக்க அவன் முன்வரவில்லை. இவை அவனுக்கு எதிரான சந்தர்ப்ப சாட்சியங்கள். கொலைக்கு நேர்ச்சாட்சி ஒருவரும் இல்லை என்பது எதிர்க்கட்சி. கோபுரக் கோட்டையில் ஒரு படிக்கட்டின் அடியில் 1674-ல் இரு குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. இரண்டாம் சார்லஸ் அவற்றை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒரு கல்பேழையில் வைக்கச் செய்தான். 1933-ல் அதைத் திறந்து பார்த்த நிபுணர்கள், வயது இளவரசர்களுக்குப் பொருந்துகிறது என்றார்கள். ஆணா பெண்ணா என்பதைக்கூட அவர்கள் நிர்ணயிக்கவில்லை. எலும்பின் காலத்தைக் கணிக்கும் முறை அன்று கிடையாது; டி.என்.ஏ. பரிசோதனையும் கிடையாது. இன்று இரண்டும் உள்ளன. அதன்பின் பேழை திறக்கப்படவில்லை.