அறிஞர் பாவ்லவ்

உள்ளம் கலங்கினால் உடலும் தளரும். அஞ்சியவன் நா உலர்கின்றது. கவலையுற்றவனுக்கு உணவு வெறுக்கின்றது. இவ்வுண்மையை எல்லாரும் அறிவர். இதில் மூளைக்குள்ள பங்கினை ஆராய்ந்து விளக்கிய பேரறிஞருள் ஒருவர் இவான் பாவ்லவ்.

இவர் 1849ஆம் ஆண்டில் ருசிய நாட்டு ரியாசான் நகரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் உயர்ந்த சுவரினின்றும் விழுந்து நெடுநாள் நலிவுற்றமையால், 11ஆம் வயதிலேதான் பள்ளி புகுந்தார். முதலில் சமயக் கல்வி பயின்ற இவர், அறிவியல் வேட்கை மிகுந்து, 1870இல் பீட்டர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

பாவ்லவ், விழுங்கிய உணவு வயிற்றை அடையாமல் வெளியே விழுமாறு நாய்களின் உணவுக்குழலை அமைத்தார். அவை உணவை மென்றபோதே, வெறும் வயிற்றில் செரிமான நீர் சுரந்தது. மூளையிலிருந்து வயிற்றுக்குச் செல்லும் நரம்பை அறுத்தபின் அது சுரக்கவில்லை. வயிறு மூளையின் ஏவலைக் கேட்கின்றது என்பது இதனால் புலனாயிற்று. செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் இவர் நோபல் பரிசு பெற்றார்.

உணவளிக்கும்போதெல்லாம் ஓர் ஒலியை எழுப்பிவந்தால், பின்னர் அவ்வொலியைக் கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறுவதையும் இவர் கண்டார். மூளை கற்ற பாடத்திற்கு உடல் பணிந்தது.

1924ஆம் ஆண்டில், லெனின்கிராடு என அப்போது பெயர் பெற்றிருந்த அந்நகரில் பெருவெள்ளம் புகுந்தது. ஆய்வுக்கூடத்து நாய்கள் நீரில் தத்தளித்து அரிதின் உயிர் பிழைத்தன. காயம் ஏதுமின்றியும், அவற்றுள் ஒன்று தான் கற்றனவற்றை இழந்து, விருப்பமான உணவையும் வெறுத்தது. ஆய்வாளர் அறையில் அதனுடன் தங்கியிருந்தபோதோ, அமைதியுற்று உண்டது, கற்றனவும் மீண்டன. நாளடைவில் அது தேறியது. எனினும், ஒருநாள் கதவின் கீழே சிறிது நீரைக் கசியவிட்டதும், பழைய அச்சம் தலைதூக்கியது. நாய் மூச்சிரைத்து, உணவை மறுத்தது. வெள்ளம் வடிந்தும் மூளையில் பதிந்த அச்சம் வடியவில்லை.

உழைப்போடு விளையாட்டையும் தோட்ட வேலையையும் விரும்பிய பாவ்லவ், 86ஆம் வயதிலும் ஆராய்ச்சியைக் கைவிடாதிருந்து, 1936இல் மறைந்தார்.

அச்சம் உடலை நலிவிக்கும். அன்புடைய துணை அதனைத் தேற்றும். ஆதலின், அஞ்சி வாடுவோரை எள்ளாது, அருகிருந்து ஆற்றுதல் நம் கடனாகும்.