கோவிந்தப்ப வெங்கடசாமி

கோவிந்தப்ப வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 – ஜூலை 7, 2006) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண் மருத்துவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். டாக்டர் வி என்ற பெயராலும் அறியப்படுகிறார். மிகுந்த எண்ணிக்கையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்யும்போதும் பிழைகள் பெருகாதவாறு காக்கும் பணிமுறையை உருவாக்கியவர்களுள் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள அயன் வடமலாபுரத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இவரது சிறுவயதில் உறவுப் பெண்கள் மூவர் மகப்பேற்றுக் காலத்தில் இறந்தனர். அவ்வூரில் அப்போது மருத்துவர் எவரும் இல்லை. இதனால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று விரும்பினார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார்.

இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்த இவர், கடுமையான முடக்குவாதத்தால் 1948-இல் அப்பணியிலிருந்து விலக நேர்ந்தது. நோயினால் கைவிரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவம் இயலாது எனக் கண்டு கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைச் செய்வித்துப் பயின்றார். வாழ்நாளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

அரவிந்த் கண் மருத்துவமனை

1956 முதல் மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை) கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பணியாற்றினார். 1976-இல் ஓய்வு பெற்றபின், வண்டியூர்க் கண்மாய்க்கு அருகிலுள்ள அண்ணா நகரில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். இவரது தங்கை கோ. நாச்சியார், அவரது கணவர் பெ. நம்பெருமாள்சாமி ஆகிய மருத்துவர்கள் உடன் உழைத்தனர்.

பணிமுறை

ஒரே நாளில் பலருக்கு அறுவை செய்தால் கவனம் சிதறிப் பிழை நேராதா என்பது இம்முறை குறித்து எழும் இயல்பான ஐயம். களைப்பும் இடைவிடாது முடிவெடுக்க வேண்டிய நிலையும் மருத்துவப் பிழைகளுக்குக் காரணமாகக் கூடும். வெங்கடசாமியின் முறையில் அறுவை மருத்துவர் தம் திறன் மிகவும் தேவைப்படும் பகுதியை மட்டுமே செய்கிறார். நோயாளியை ஆயத்தப்படுத்துதல், கருவிகளை வரிசைப்படுத்துதல் போன்றவற்றைப் பயிற்சி பெற்ற கிராமப்புறப் பெண்கள் செய்கின்றனர். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் உண்டு; ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் ஆயத்தமாகிறார். ஒவ்வொரு செயலும் ஒரே ஒழுங்கில் நிகழ்வதால், ஒழுங்கு மாறினால் உடனே தெரிந்துவிடும். மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் எங்கும் ஒரே தரத்தைக் காத்ததை இவர் முன்மாதிரியாகக் கொண்டார்.

வில்லையைத் தாங்கும் சவ்வு கிழிதல், அறுவைக்குப் பிந்திய தொற்று போன்ற சிக்கல்கள் பதிவு செய்யப்பட்டு, மருத்துவர் வாரியாகத் தொகுத்து ஆராயப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தான் வெளியிட்டது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுகளில் மாற்றங்கள்

தொடக்ககாலக் கண் முகாம்களில் அறுவை சிகிச்சை முகாம் நடைபெறும் இடத்திலேயே செய்யப்பட்டது. பின்னர் முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துவந்து அறுவை செய்யும் முறை வந்தது. சிகிச்சை இலவசமாயினும் பயணச்செலவும் உணவும் ஏழைகளுக்குத் தடையாக இருந்ததால் அவையும் இலவசமாக்கப்பட்டன. ஆயினும், கண் குறைபாடு உடையவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்தனர் என அரவிந்த் ஆய்வாளர்களும் பங்கேற்று 1999-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதன்பின் ஊர்களிலேயே நிலையான பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன.

வில்லையை முழுவதும் நீக்கித் தடித்த கண்ணாடி தரும் பழைய முறையில், கண்ணாடி உடைந்தால் நோயாளி மீண்டும் பார்வையிழந்தவர் போலாவார். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லையோ ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் அதனைக் குறைந்த விலையில் தயாரித்தது.

விருதும் மறைவும்

இந்திய அரசு 1973-இல் பத்மசிறீ விருது வழங்கியது. வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. 2006-இல் தமது 87-ஆம் வயதில் மதுரையில் காலமானார்.