காசும் கட்டுமரமும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் ஆர்தர் கோக் பர்னெல் என்ற ஆங்கிலேயர் என் நினைவுக்கு வருவார்.

1840-இல் பிறந்த அவர், 1860-இல் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்தார். தஞ்சையில் நீதிபதியாக இருந்தபோது, வழக்குகளுக்கு இடையே சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் மூழ்கினார். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874-இல் நூலாக்கினார். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தந்தார்.

1872 வாக்கில் இன்னொரு பணியும் அவரை ஈர்த்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பேச்சில் ஏற்றுக்கொண்ட சொற்களைத் திரட்டத் தொடங்கினார். இத்தாலியின் பலெர்மோ நகரில் வசித்த ஹென்றி யூலும் அதே முயற்சியில் இருந்தார். இருவரும் அதற்குமுன் ஒரே ஒருமுறைதான் சந்தித்திருந்தனர். கடிதங்களின் வழியே அகராதி வளர்ந்தது. ஆனால், உடல்நலம் குன்றிய பர்னெல் 1882-இல் தம் 42-ஆம் வயதில் மறைந்தார். யூல் பணியை முடித்து, இருவர் பெயராலும் 1886-இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியை வெளியிட்டார்.

மாமல்லபுரக் கரைக்கும் அதில் இடமுண்டு. 'கேட்டமரான்' நம் கட்டுமரமே. மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையைக் குறித்த சொல், இன்று ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு பகோடா' என்றனர். கோயிலைக் குறித்த அதே 'பகோடா', நம் வராகன் என்னும் பொற்காசுக்கும் பெயராயிற்று. சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன்.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பொருளியல் வகுப்பில், ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழ்க் காசிலிருந்தே வந்தது என்று பல ஆண்டுகள் பெருமையுடன் கூறிவந்தேன். சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' போர்ச்சுகீசியர் வழியாகச் சென்ற நம் காசுதான். ரொக்கத்தைக் குறிப்பதோ, பணப்பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. ஒலி ஒன்று, வேர் இரண்டு. இதைப் பிந்தித்தான் அறிந்தேன். என் மாணவர்களிடம் திருத்திச் சொல்லும் வாய்ப்பு எல்லோர் விஷயத்திலும் கிட்டவில்லை.

போட்டித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள், அவற்றின் வேரையும் தேடட்டும். எந்தச் சொல்லையும் நம்முடையது என்று கொண்டாடும் முன், பர்னெலைப் போலச் சான்று கேட்கட்டும். காசின் கதை எனக்குக் கற்பித்தது அதைத்தான்.