மண்ணைச் சோதித்த மேதை லாரிட்ஸ் பியெரும்

விஞ்ஞானி என்றால் நமக்கு நியூட்டன், சர் சி.வி.ராமன்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நான் இந்த இதழில் களிமண்ணையே ஆராய்ந்து பேர் வாங்கிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்:
பியெரும் 1918-ஆம் ஆண்டு டென்மார்க்கில் பிறந்தார். கோபன்ஹேகனில் பொறியியல் படித்தார். பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். 1953-ல் நார்வே நாட்டின் ஒஸ்லோவில் புவித்தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் ஆனார்.

பொல்லாத களிமண்:
நார்வேயில் குவிக் கிளே என்று ஒரு களிமண் உண்டு. பனியுகம் முடிந்த காலத்தில் உப்புக்கடலுக்கு அடியில் படிந்தது. பனிக்கட்டியின் பாரம் போனதும் நிலம் மெல்ல மேலே எழும்பியது. ஆயிரக்கணக்கான வருஷமாக மழைத்தண்ணீரும் ஊற்றுத்தண்ணீரும் அதிலிருந்த உப்பைக் கழுவிவிட்டன. இந்த உப்பு ரகசியத்தை விளக்கியவர் ரோசன்க்விஸ்ட் என்ற நார்வே விஞ்ஞானி. உப்பு போனபின் மண் துகள்கள் சீட்டுக்கட்டு வீடு மாதிரி நிற்கின்றன. பார்த்தா கெட்டியா இருக்கும். ஓரிடம் கலைஞ்சா போதும், தோசை மாவு மாதிரி ஓட ஆரம்பிச்சிடும்! 1893-ல் வேர்டால் என்ற இடத்தில் நள்ளிரவில் இப்படி மண் சரிந்து 116 பேர் இறந்தார்கள்.

எப்படிச் சோதிப்பது?
வீடு கட்டும் முன் பூமியில் துளை போட்டு, குழாயில் மண்ணை அலுங்காமல் எடுக்க வேண்டும். அதன் பலத்தை அளக்க வேண்டும். பிறகு அதே மண்ணை நன்றாகப் பிசைந்து மறுபடி அளக்க வேண்டும். முதல் பலம் பிசைந்த பலத்தைப் போல எத்தனை மடங்கோ, அதுதான் உணர்திறன். மடங்கு கூடக்கூட ஆபத்தும் கூடும். நான்கு இறக்கை உள்ள கம்பியை மண்ணுக்குள் இறக்கித் திருகியும் பலம் பார்ப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பியெரும் அந்தக் கருவி காட்டிய எண்ணை அப்படியே நம்பவில்லை. உண்மையிலேயே சரிந்த கரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சில வகைக் களிமண்ணில் கருவி பலத்தை அதிகமாகக் காட்டியது தெரிந்தது. அதைக் குறைத்துக் கணக்கிட வழி சொன்னார். பொறியாளர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

மறைவுக்குப் பின்:
1965 முதல் 1969 வரை உலக மண் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1973-ல் லண்டனில் காலமானார். வயது 54தான்.

ஐந்து வருஷம் கழித்து, 1978 ஏப்ரல் 29-ல், ரிஸ்ஸா என்ற ஊரில் ஒரு விவசாயி தொழுவத்தைப் பெரிசாக்கத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார். வெறும் 700 கன மீட்டர் மண்தான். அந்தப் பாரத்தில் கரை உடைந்து 80 ஏக்கருக்கும் மேல் நிலம், வீடுகளோடு ஏரிக்குள் போனது. ஒருவர் இறந்தார். அதன்பிறகுதான் நார்வே நாடு முழுக்க ஆபத்தான இடங்களை வரைபடத்தில் குறிக்க ஆரம்பித்தது. அப்படியும் 2020 டிசம்பர் 30-ல் யெர்ட்ரும் என்ற ஊரில் 10 பேர் இறந்தார்கள். ஓடை சரிவின் அடியை அரித்துவந்ததுதான் முக்கியக் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது.

ஆகவே கட்டுகிற மனையை மட்டும் சோதித்தால் போதாது. மேலே எங்கே சரிவு, கீழே எந்த ஓடை, யார் எங்கே மண்ணைக் கொட்டுகிறார்கள் என்று எல்லாம் பார்க்கணும். காலால் மிதித்துப் பார்த்து இது கெட்டி மண் என்று சொல்லிவிடக் கூடாது. பியெரும் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி