கழனிக்கு வந்த கல்லூரி

ஒரு குழந்தைக்கு ஈடு ஒரு குதிரை!

கற்பனையல்ல தோழர்களே, நடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். டைமண்ட் என்ற சிற்றூர். உள்நாட்டுப் போரின் இறுதிக்காலம். அடிமைத் தாய் ஒருத்தியையும் அவள் கைக்குழந்தையையும் கொள்ளையர் தூக்கிச் சென்றனர். பண்ணைக்காரர் மோசஸ் கார்வர் ஆள்விட்டுத் தேடினார். தாய் கிடைக்கவேயில்லை. குழந்தை கிடைத்தது, குற்றுயிராக. தேடிக் கொணர்ந்தவனுக்குத் தரப்பட்ட பரிசு, ஒரு குதிரை. அந்தக் குழந்தைதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். பிறந்தது 1864 வாக்கில் என்பார்கள். அடிமை வீட்டுப் பிள்ளை பிறந்த நாளை எவன் ஏட்டிலே எழுதி வைப்பான்?

நோஞ்சான் பிள்ளை. ஏர் பிடிக்க உடல் இடங்கொடுக்கவில்லை. அடுப்படியும் தோட்டமுமே அவனுக்கு உலகம். அக்கம்பக்கத்தார் வாடிய செடியைக் கொண்டுவந்து அவனிடம் கொடுப்பார்கள், அது துளிர்க்கும். அருகிலிருந்த பள்ளியோ வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். நியோஷோ என்ற ஊருக்கு நடந்தான், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியைத் தேடி. பிறகு ஊர் ஊராகச் சென்றான். துணி வெளுத்தான், சோறு சமைத்தான், படித்தான். கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரியொன்று கடிதம் கண்டு இடம் கொடுத்தது. 1885இல் நேரிலே போய் நின்றான். எழுத்தைக் கண்டு இடம் தந்தவர்கள், நிறத்தைக் கண்டு கதவடைத்தார்கள்!

துவண்டானா? இல்லை. மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டி, வறண்ட புல்வெளியிலே உழுது பார்த்தான். பின்னர் ஐயோவா மாநிலம் சென்று, 1891இல் அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியிலே சேர்ந்தான், அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவனாக. தொடக்கத்திலே அவனுக்கு உணவு, நிலவறையிலே, எடுபிடி ஆட்களோடு. 1894இல் பட்டம், 1896இல் முதுகலைப் பட்டம். கல்லூரியே அவரை ஆசிரியராக வைத்துக் கொண்டது. இனி அவன் அல்ல, அவர்!

அந்த வசதியை விட்டுவிட்டுத்தான், 1896இல் அவர் தெற்கே அலபாமாவுக்குப் புறப்பட்டார். அழைத்தவர் புக்கர் வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர். 1881இல் டஸ்கீகியிலே கறுப்பின இளைஞர்களுக்குக் கல்விக்கூடம் கண்டவர்.

வந்து பார்த்தால் ஆய்வுக்கூடம் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறினார். உடைந்த புட்டி, ஓட்டைச் சட்டி, பழைய கம்பி. கூடம் உருவாயிற்று. அதனினும் பெரிய குறை மாணவர் மனத்திலே இருந்தது. ஏரிலிருந்து தப்பிக்கவே பள்ளிக்கு வந்தவர்கள் அவர்கள்! அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சாட்டையடிக்கு நடுவே சால் ஓட்டிய பரம்பரை, கழனியைக் கண்டால் கைவிலங்கைத்தானே நினைக்கும்? இளைஞனுக்கு உழவிலே வேலை வேண்டுமென்றால், உழவு முதலிலே தண்டனையாக இருப்பது ஒழிய வேண்டும். கார்வர் தொட்டது அந்த இடத்தை.

அலபாமாவிலே அன்று எங்கும் பருத்தி. வாசற்படி வரை பருத்தி! விதையும் கோவேறு கழுதையும் சோளமாவும் கடன். விளைச்சல் முழுதும் அந்தக் கடனுக்கு அடகு. கணக்கெழுதுவது கடன் கொடுத்தவன் கை. வாரத்துக்கு உழுதவன் வீட்டுக்கு மிஞ்சுவது அடுத்த ஆண்டுக் கடன். மண்ணோ ஆண்டுக்கு ஆண்டு சத்திழந்தது.

தட்டைப்பயறு போடு, நிலக்கடலை போடு, சர்க்கரைவள்ளி போடு என்றார் கார்வர். பயறும் கடலையும் வேர் முடிச்சுகளிலே காற்றின் தழைச்சத்தைப் பிடித்து வைப்பவை. மண்ணுக்கு உரம், வயிற்றுக்கு உணவு. நம் தென்னார்க்காட்டார் மல்லாட்டை என்கிறார்களே, அதேதான்! உரம் வாங்கக் காசில்லாதவனுக்குக் காட்டுச் சருகையும் சதுப்புச் சேற்றையும் காட்டினார். 1898இல் வெளியிட்ட முதல் சிற்றேடு எதைப் பற்றி? காட்டிலே உதிர்ந்து கிடக்கும் கருவாலிக் கொட்டையைத் தீவனமாக்குவது பற்றி. இப்படி நாற்பதுக்கு மேல் சிற்றேடுகள், எளியவனுக்கும் விளங்கும் நடையில். பின்னர்ப் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு படையெடுத்து அலபாமாவை அழித்தபோது, கடலைக்கு மாறியவர்கள் பிழைத்தார்கள். என்டர்பிரைஸ் என்ற ஊரார், தங்களைக் கடலைக்கு விரட்டிய நன்றிக்காக, 1919இல் அந்த வண்டுக்கே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்!

ஏடு படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? அவனிடம் கல்லூரியே போகட்டும் என்றார்கள். 1906இல் நியூயார்க் செல்வர் ஜெசுப் தந்த பணத்தில் வண்டி ஒன்று கட்டினார்கள், கோவேறு கழுதை பூட்டி. கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் பொறி, எல்லாம் அதிலே. அதை ஓட்டிச் செல்ல அமர்ந்தவர் யார்? ஜார்ஜியாவிலிருந்து கையிலே காசின்றி டஸ்கீகிக்கு வந்து சேர்ந்த தாமஸ் கேம்பெல் என்ற இளைஞர். அவ்வாண்டே மைய அரசின் வேளாண்மைத் துறை அவரை ஊழியராக்கியது. அந்தப் பணியிலே முதல் கறுப்பினத்தவர். 1914இல் சட்டம் வந்தது, நாடெங்கும் அத்தகைய ஊழியர் பெருகினர். உழவைக் கற்றுக் கொடுப்பதே ஓர் உத்தியோகம் ஆயிற்று! முந்நூறு பண்டங்கள் கடலையிலிருந்து செய்தார் என்று கார்வரைப் புகழ்கிறார்கள். பெரும்பாலானவை கடைக்கு வரவேயில்லை. கடலை வெண்ணெய் அவர் கண்டுபிடித்ததும் அல்ல. என் கணக்கிலே, அந்த முந்நூறைவிட இந்த ஒரு வண்டி பெரிது.

ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை. 1920இல் அந்நாட்டிலே ஏறத்தாழ 9,25,000 கறுப்பின உழவர்கள். சொந்த நிலம் நாலில் ஒருவருக்குத்தான். எந்தப் பயிர் நல்லது என்று தெரிந்தவனுக்கு, அதைப் போடும் உரிமை இல்லை. பருத்தி போடு என்பான் நிலக்காரன். இளைஞர்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயிலேறினார்கள். நிலம் யாருக்கு என்ற கேள்வியைக் கார்வர் உரக்கக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைய அலபாமா அவரை விட்டிருக்குமா என்பதும் ஐயமே. 2017ஆம் ஆண்டுக் கணக்கிலே கறுப்பின உழவர் 50,000க்கும் கீழ். கேம்பெலை வேலைக்கு எடுத்த அதே வேளாண்மைத் துறைமீது, கடன் தருவதில் நிறம் பார்த்ததாகக் கறுப்பின உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1999இல் சமரசம் செய்து இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

1921இல் நாடாளுமன்றக் குழு முன் கடலைக்கு இறக்குமதி வரி வேண்டுமெனப் பேச வந்தார் கார்வர். கொடுத்த நேரம் 10 நிமிடம். உறுப்பினர் ஒருவர் நிறத்தைக் குத்திக் கேலியும் பேசினார். கார்வர் பொறுமையாகப் பெட்டியைத் திறந்தார். மாவு, பால், சாயம் என ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நேரம் போதும் என்பாரில்லை. வேண்டிய மட்டும் பேசச் சொன்னார்கள். மறு ஆண்டு வரி வந்தது.

திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர் விடுதி அறையிலே வாழ்ந்தார். 1943ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார். டஸ்கீகியிலே, புக்கர் வாஷிங்டன் கல்லறைக்குப் பக்கத்திலே புதைத்தார்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்தது 60,000 டாலர் அளவு. அத்தனையும் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்திருந்தார், தமக்குப் பின் வரும் இளைஞர்கள் தம் வேலையைத் தொடரட்டும் என்று.